திருவொற்றியூரிலிருந்து டொராண்டோ: தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

எங்கள் தேரடிப் பக்கம் முன்பெல்லாம் விமானம் ஏறுகிறவர்கள் என்றால் துபாய்க்கோ சவுதிக்கோ வேலைக்குப் போகிற ஆண்கள்தான். இப்போது படிக்கப்போய் அங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகளைப் பார்க்க அம்மாக்கள் போகிறார்கள். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். மகள் கனடாவில், டொராண்டோ பக்கம்.

"தம்பி, திங்கக்கெழம காலைல ஏறுனா திங்கக்கெழம சாயந்தரமே எறங்கிடலாம்னு போட்டிருக்கு. பதினோரு மணி நேரம்தானா? அவ்ளோ கிட்டயா கனடா?"

அந்தப் பயணம் உண்மையில் 21 மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை கணக்கிட்டால் ஏறக்குறைய 30 மணி நேரம். இந்த வித்தியாசம் தெரியாமல் கிளம்பினால் மாத்திரை, சாப்பாடு, கூப்பிட வருகிறவர்கள் என எல்லாக் கணக்கும் தவறிப்போகும். அக்காவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டொராண்டோவை உதாரணமாக வைத்திருக்கிறேன். வேறு எந்த ஊருக்கும் இதே முறைதான்.

முதலில் மூன்று எழுத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்ஏஏ. ஊரின் பெயர் 1996இல் மாறியும் இந்தக் குறியீடு மாறவில்லை. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு ஒய்ஒய்இசட். துபாய்க்கு டிஎக்ஸ்பி. உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இதே எழுத்துதான் இருக்கும், ஆகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. டொராண்டோவிலேயே ஏரித்தீவில் பில்லி பிஷப் என்று இன்னொரு சிறிய விமான நிலையம் உண்டு. துபாயில் இரண்டு. லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும் வேறு வேறு மூலையில் கிடக்கின்றன. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறவேண்டிய டிக்கெட்டைத் தெரியாமல் வாங்கினால், நடுவில் ஒரு சாலைப் பயணமும் சேர்ந்துகொள்ளும்.

தூரம்: தட்டை வரைபடம் ஏமாற்றும்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அரபிக்கடல், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று அது நீளமாகப் படுத்துக்கொண்டு போகும். அந்த வழியில் போனால் சுமார் 15,700 கி.மீ. ஆகும். ஆனால் பூமி உருண்டை. பிள்ளைகளின் பள்ளிக்கூட குளோப் ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு விரலால் நூலை அழுத்தி, மறுமுனையை டொராண்டோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும். மத்திய ஆசியா, ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம், நார்வேயின் வடகோடி, கிரீன்லாந்து என்று போய்க் கனடாவில் இறங்கும். அந்த நூலின் தூரம் சுமார் 13,400 கி.மீ. மட்டுமே. தட்டை வரைபடத்தில் பார்த்ததைவிட 2,300 கி.மீ. குறைவு.

30 செ.மீ. விட்டமுள்ள குளோப் என்றால் ஒரு சென்டிமீட்டர் நூல் கிட்டத்தட்ட 425 கி.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ., குளோபின் சுற்றளவு 94 செ.மீ., வகுத்தால் வந்துவிடும். நம் நூல் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். பாட்டி போகிற வழி அவர்களுக்கு அப்புறம் மறக்காது.

போனில் தேடினாலும் இந்த எண் கிடைக்கும். இரண்டு விமான நிலையக் குறியீடுகளையும் போட்டுத் தேடுங்கள், ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். சில இடங்களில் தூரத்தைக் கடல் மைலில் கொடுத்திருப்பார்கள். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர்கள் வீட்டில் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். விமானிக்கும் மீனவருக்கும் ஒரே அளவுகோல்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. 13,400 கி.மீ. என்பது கடல் மைலில் சுமார் 7,230. சாதா மைல் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. எங்காவது இறங்கி ஏறவேண்டும். "துபாய் போய்ச் சுத்திக்கிட்டு போறியா?" என்று தெருவில் கேட்பார்கள். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–டொராண்டோ சுமார் 11,080 கி.மீ. கூட்டினால் 14,010. நேர்க்கோட்டைவிட அறுநூறு கிலோமீட்டர்தான் அதிகம், அதாவது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. லண்டன் வழியாகப் போனாலும் 13,950க்குப் பக்கத்தில்தான் வரும். ஆகவே எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதைவிட, அந்த ஊரில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதுதான் நம் பயணத்தை நீட்டும், குறைக்கும்.

கிலோமீட்டரை மணியாக்குவது

பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகிற நேரம் வேறு. நான் வைத்திருக்கிற சுலபமான வழி இது: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

துபாய்க்கு 2,930ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை மணிக்குப் பக்கம், அரை மணி சேர்த்தால் நான்கு. டிக்கெட்டில் நாலே கால் என்று இருக்கும். துபாயிலிருந்து டொராண்டோ நம் கணக்கில் பதின்மூன்றரை, உண்மையில் பதினான்கு மணிக்கு மேல். கொஞ்சம் கூடுவதற்குக் காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று அடித்துக்கொண்டிருக்கும், குறிப்பாக வடக்கு நாடுகளுக்கு மேல். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அதனால்தான் டொராண்டோவிலிருந்து துபாய்க்கு வரும்போது ஒரு மணிக்கு மேலேயே மிச்சமாகும். போகிற நேரமும் வருகிற நேரமும் வேறாக இருந்தால் டிக்கெட்டில் தப்பு என்று பயப்பட வேண்டாம்.

டிக்கெட்டில் உள்ள மணி யாருடைய மணி?

அக்கா குழம்பியது இங்கேதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரப்படி அச்சாகும். இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது.

இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் துபாயும் சிங்கப்பூரும். சென்னையிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம், 2,930 கி.மீ. அளவில். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. நாம் தராசு முள்போல நடுவில் இருக்கிறோம். இரண்டுக்கும் பறக்கும் நேரம் நாலே கால் மணி என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் துபாயில் இறங்கும்போது அங்கே மணி 12:45. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மணி மாலை 4:45. டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்று இரண்டே முக்கால் மணி நேரம், இன்னொன்று ஆறே முக்கால் மணி நேரம்போலத் தோன்றும். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் நேரம் மாறுவது நமக்குப் புதிதில்லை. மெட்ராஸ் வான்நோக்கு நிலையத்தில் 1802இல் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓடிய காலமும் உண்டு. 1906இல்தான் நாட்டுக்கு ஐந்தரை மணி என்ற பொதுக் கணக்கு வந்தது, பம்பாயும் கல்கத்தாவும் அதற்குப் பிறகும் பல வருஷம் தங்கள் நேரத்தை விடவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, டொராண்டோவுக்கு வருவோம். கோடையில் அந்த ஊர் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அந்தத் தேதிகளை ஒட்டிப் பயணம் என்றால் எந்தக் கணக்கு என்று கவனித்துக்கொள்ளுங்கள். துபாய், சிங்கப்பூர் இரண்டிலும் இந்த வழக்கம் இல்லை.

இப்போது ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்க்கலாம். நேரங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் டிக்கெட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். கோடைகாலம்.

சென்னை புறப்பாடு: திங்கள் அதிகாலை 3:45
துபாய் வருகை: திங்கள் காலை 6:30 (சென்னையில் 8:00)
துபாய் புறப்பாடு: காலை 9:00 (சென்னையில் 10:30)
டொராண்டோ வருகை: திங்கள் பிற்பகல் 3:15 (சென்னையில் செவ்வாய் அதிகாலை 12:45)

எல்லா நேரத்துக்கும் பக்கத்தில் சென்னை நேரத்தை எழுதிவிட்டால் மீதி வெறும் கழித்தல்தான். திங்கள் 3:45 முதல் நள்ளிரவு தாண்டி 12:45 வரை 21 மணி நேரம். பறப்பது நாலே கால், காத்திருப்பு இரண்டரை, பறப்பது பதினாலே கால். கூட்டிப் பாருங்கள், அதே 21 வரும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்குச் சரி.

திரும்பி வரும்போது தலைகீழாக இருக்கும். டொராண்டோவில் சனி மதியம் 2 மணிக்கு ஏறினால், சென்னையில் ஞாயிறு இரவு 8:15க்கு இறங்குவதாக வரும். பார்க்க முப்பது மணி நேரம்போல இருக்கும். ஒன்பதரையைக் கழியுங்கள், இருபதே முக்கால்தான். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், மறுநாள் என்று அர்த்தம். கூப்பிட வருகிறவர்களிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

திங்கள் அதிகாலை என்றால் ஞாயிறு ராத்திரி

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது. சென்னையிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் பல நடு இரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகின்றன. நம் பேச்சில் விடிந்தால்தான் மறுநாள். டிக்கெட்டில் 12 மணி அடித்தாலே மறுநாள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் திங்கட்கிழமை 2 மணி விமானத்துக்குத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, வடிவுடையம்மன் கோயிலுக்கும் போய்விட்டுக் கிளம்பினார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கவுண்டரில் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. புது டிக்கெட்டுக்கு வாங்கிய கடனை அடைக்க அவருக்கு மாதங்கள் பிடித்தன.

ஆகவே காலண்டரில் விமானத் தேதியைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் குறியுங்கள். "ஞாயிறு ராத்திரி 9:30, வீட்டிலிருந்து" என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

நடுவில் எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது?

ஒன்றேகால் மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் விற்பார்கள். விதிப்படி அது சாத்தியம்தான். ஆனால் முதல்முறை போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், ஆங்கிலப் பலகையை நிதானமாகப் படிக்கிறவர்கள் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரை இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்கள். துபாய் போன்ற இடங்களில் இறங்கின பிறகு மறுபடி பாதுகாப்புச் சோதனை, உள் ரயில், நீண்ட நடை எல்லாம் உண்டு. நடக்க முடியாதவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டு விமானமும் ஒரே பதிவு எண்ணில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவசியம். ஒரே எண் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. பெட்டியும் கடைசி ஊர் வரை போய்விடும். காசு மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழும். வேறு நாட்டு வழியாகப் போவதென்றால் அங்கே டிரான்ஸிட் விசா வேண்டுமா என்று டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து மீனம்பாக்கம்

13,400 கிலோமீட்டரில் நம் கையில் இருப்பது இந்த முப்பது கிலோமீட்டர்தான். தென்சென்னைக்காரர்களுக்கு அரை மணிப் பயணம், நமக்கு ஊரையே குறுக்காகக் கடக்கிற வேலை. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பெரும்பாலும் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள்.

பெட்டி ஒன்றோ இரண்டோ என்றால் நான் மெட்ரோவைத்தான் சொல்வேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டித்ததிலிருந்து, திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை என எங்கே ஏறினாலும் மாறாமல் நேராக விமான நிலையம் போகலாம். ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. இறங்கினால் பாலம் வழியாக நடந்தே டெர்மினலுக்குப் போகலாம், வெளிநாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2. ஆனால் மெட்ரோ இரவு 11 மணிவாக்கில் நின்று, காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். 3:45 விமானத்துக்கு 12:45க்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் கடைசி வண்டியை நம்பாமல் 10 மணி வண்டியிலேயே ஏறிவிடுங்கள். அங்கே கொஞ்சம் உட்கார்ந்திருப்பதில் நஷ்டமில்லை.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் மின்சார ரயிலும் உண்டு. திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்கு அது சரி.

காரில் போனால் இரவு என்பதால் சாலை காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு இரவுதான் பகல். வரிசை நின்றுவிட்டால் நம் வண்டியும் நிற்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை என்றால் இன்னும் ஒரு மணி. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் போக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதங்களில் கிளம்பும் முன் விமானம் உண்டா என்று போனில் பார்த்துவிட்டுப் பூட்டைப் போடுங்கள்.

அந்தப் பக்கமும் இருக்கிறது

பிற்பகல் 3:15க்குச் சக்கரம் தரையைத் தொட்டதும் மகள் கையில் விழ முடியாது. குடியேற்றச் சோதனை வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு என ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பியர்சன் விமான நிலையம் டொராண்டோவுக்கு மேற்கே மிசிசாகாவில் இருக்கிறது. நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற ஸ்கார்பரோ நகரத்தின் கிழக்கே. நடுவில் 401 நெடுஞ்சாலை, மாலை நேரத்தில் நெரிசல். வீடு சேர 5:30, 6 மணி ஆகிவிடும். அப்போது சென்னையில் செவ்வாய் அதிகாலை 3 மணி. ஞாயிறு 9:30க்குப் பூட்டிய பூட்டிலிருந்து இருபத்தொன்பதரை மணி நேரம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இருபத்தொன்பதரையை எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையைச் சென்னை நேரப்படி எப்போது போடுவது என்று அவரே தாளில் எழுதித் தரட்டும். மருந்து, இன்சுலின், மருந்துச்சீட்டு மூன்றும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கையில் கட்டிய கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டுவிடுங்கள். போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

அக்காவும் அப்படித்தான் செய்தார். டொராண்டோ வீட்டுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், மணி மூன்று. இங்கே மாமா தூங்கிக்கொண்டிருப்பார் என்று போன் செய்யாமல், "வந்து சேந்துட்டேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினார். மாமா முழித்துக்கொண்டுதான் இருந்தார்.